ஐடிலில் டைமிங் குறி துள்ளுகிறது: டிஸ்ட்ரிபியூட்டரா, செயினா?

பாயிண்ட் (ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுவிட்ச்), கார்புரேட்டர் உள்ள பழைய நாலு சிலிண்டர் கார். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்குகிறது, வேகம் ஏற்றினால் அடங்கிவிடுகிறது. முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன் (இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், மாறுமே). அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் (தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்தால், டைமிங் குறி ஒரே இடத்தில் நிற்பதே இல்லை, முன்னும் பின்னும் துள்ளுகிறது. கார்புரேட்டர் அடியில் கிளீனர் தெளித்தும் ஐடில் மாறவில்லை, அதனால் அங்கே காற்றுக் கசிவு இல்லை என்றே நினைக்கிறேன். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொடவில்லை. டைமிங் நிற்காமல் அதைத் திருகி என்ன பயன்?

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது. ஷாப்டைத் தாங்கும் புஷ் தேய்மானமா, அட்வான்ஸ் ஸ்பிரிங் (வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் அமைப்பின் ஸ்பிரிங்) தளர்ந்ததா, டைமிங் செயின் தொய்வா? எல்லாவற்றையும் பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள். ஷாப்ட் ஆடும்போது பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் பலன் இருக்குமா? மாட்டியவர்கள் யாராவது உண்டா?