பெரியவீட்டுக் குழு: கபிலன் பள்ளி விஷயம்

வித்யா (டாலஸ்): கபிலன் படிக்கிற தொடக்கப் பள்ளியை மூடப் போகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? பிள்ளைகள் குறைகிறார்கள் என்று ஒரு கன்சல்டன்ட் அறிக்கை கொடுத்திருக்கிறார். அந்த அறிக்கையின் நகல் கேட்டு, இங்கே பள்ளிகளை நடத்துகிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதினேன். தர முடியாது, அட்டர்னி ஜெனரலுக்கு எழுதியிருக்கிறோம் என்று நேற்று பதில் வந்தது. என் மேல் கேஸா? சேகர் அண்ணா, பாருங்கள்.

மாலா அத்தை: ஐயோ, கேஸா?

பெரியப்பா: பதறாதே. கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போடு.

கோபி: அத்தை, சதாபிஷேகத்துக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் மறுபடியும் கேட்கிறார்.

மாலா அத்தை: 250 சொல்லி வை.

சேகர் (ஹூஸ்டன்): கேஸ் எதுவும் இல்லை வித்யா. டெக்சாஸில் அலுவலகங்கள் பெரும்பாலான ஆவணங்களைத் தாமாக மறைத்துவிட முடியாது. மறைக்க வேண்டுமானால் 10 வேலை நாளுக்குள் அட்டர்னி ஜெனரலிடம், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியிடம், முடிவு கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல்தான் உனக்கு வந்தது. பொதுவாக அவருக்கு 45 வேலை நாள் அவகாசம். நீயும் உன் பக்கத்தை அவருக்கு எழுதலாம். டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள்?

வித்யா: 552.111

சேகர்: அது அதிகாரிகள் ஒரு கொள்கையை முடிவு செய்யுமுன் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஆலோசனைக்கும் வரைவுக்கும் உள்ள விலக்கு. மனம்விட்டுப் பேச அவர்களுக்கும் இடம் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் 552.022 என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அரசு அமைப்புக்காகச் செய்து முடித்த அறிக்கை பொது ஆவணம் என்கிறது அது. முடிந்த அறிக்கையை மறைக்க 552.111 மட்டும் போதாது. அதில் ‘வரைவு’ என்று எங்காவது போட்டிருக்கிறதா?

வித்யா: இல்லை. டிஸ்ட்ரிக்டின் நிர்வாக போர்டு கூட்டத்தில் திரையில் போட்டே காட்டினார்கள்.

சேகர்: அதை எழுது! தேதியோடு எழுது.

வித்யா: மற்ற பெற்றோர் போர்டுக்கு அனுப்பிய மெயிலும் கேட்டேன். பிள்ளைகள் பெயரெல்லாம் கறுப்படித்து வந்திருக்கிறது.

சேகர்: அதை விட்டுவிடு, அது நியாயம். மாணவர் விவரங்களைக் காக்க ஃபெர்பா என்று 1974ல் வந்த மத்திய சட்டம். கபிலன் பெயரையும் அதுதான் காக்கிறது.

மாலா அத்தை: சேகர், கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லப்பா. வாழைக்காய் வறுவலா, பொரியலா?

கோபி: வறுவல்

ரவி: வித்யா பெயரில் எழுத வேண்டுமா? எங்கள் விசா புதுப்பிக்கிற நேரம் இது.

சேகர்: குடியுரிமை தேவையில்லை ரவி, யாரும் கேட்கலாம். எதற்கு என்று அவர்கள் கேட்கவும் கூடாது. ஆனால் உன் பயம் புரிகிறது. அவள் எழுதிய கடிதமும் பொது ஆவணம்தான், நாளை யாராவது கேட்டால் கொடுப்பார்கள்.

பெரியப்பா: இங்கே ஆர்டிஐயிலும் காரணம் சொல்ல வேண்டாம். 10 ரூபாய், 30 நாள். 2012ல் நான் பட்டா கோப்பை அப்படித்தான் வாங்கினேன்.

சித்தப்பா: அது எதற்கு இப்போது? அன்றைக்கு என்னைக் கேட்டிருக்கலாம். தாலுகா ஆபீசைக் கேட்டீர்கள்.

பெரியப்பா: உன்னைத்தான் முதலில் கேட்டேன். மூன்று தீபாவளி போயிற்று.

மாலா அத்தை: இரண்டு பேரும் நிறுத்துங்கள். நல்ல காரியம் வருகிறது.

வித்யா: பள்ளியை மூடுவது பற்றி போர்டு ஓட்டுப் போடுமுன் அறிக்கை கைக்கு வருமா அண்ணா?

சேகர்: 45 நாளும் எடுத்துக்கொண்டால் கஷ்டம். போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசுகிற நேரத்தில் போய், அறிக்கையை வெளியிட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்று கேள். அட்டர்னி ஜெனரலுக்கும் இந்த வாரமே எழுது. நான் திருத்தித் தருகிறேன்.

ரவி: கூட்டத்துக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். கடிதம் பற்றி இரவு பேசிச் சொல்கிறோம்.

சித்தப்பா: அண்ணா, அந்தக் கோப்பின் நகல் இன்னும் இருக்கிறதா? நான் பார்த்ததே இல்லை.

பெரியப்பா: பீரோவில் இருக்கிறது. விசேஷத்துக்கு வா, தருகிறேன்.

கோபி: சித்தப்பா வீட்டு நாலு பேரையும் இலைக் கணக்கில் சேர்க்கவா?