கங்கைகொண்டான் மான் காட்டுக்குள் நடக்க விடுவார்களா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சின்ன உதவி. வருகிற ஞாயிறு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். 2013-ல் அறிவித்தது, 288 ஹெக்டேர்தான், மதுரை ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போயும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை (பக்கத்தில் இருந்தால் இந்தக் கதிதான்). முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா, வாசலிலேயே கேட்டுக்கொள்ளலாமா?

நம்ம பக்கத்து உடைமரம் குடை விரித்த மாதிரி நிற்பது அழகுதான், முள்தான் பொல்லாதது. போன மாதம் ஒரு குளத்தங்கரையில் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியதை ஊக்கால் நோண்டித்தான் எடுத்தேன். ஷூ போதுமா? அப்பாவுக்கு மூட்டுவலி, இடையில் உட்கார நிழல் கிடைக்குமா? அப்புறம், மான் கண்ணில் படுவது விடியக்காலமா, சாயங்காலமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.