மரச் செட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாள், அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்

கொரட்டூர் அம்மா:
மகளுக்கு 3 வயது 2 மாதம். மாண்டிசோரி (பிள்ளைகள் தாங்களே கையால் செய்து கற்கும் முறை) என்று போட்டிருந்த மரச் சாமான் செட் ஒன்றை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு நாள் அடுக்கினாள். மூன்றாம் நாள் அது வந்த அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து பஸ் ஓட்டினாள். இப்போது அதுவும் இல்லை. நான் சமைக்கும்போது காலைக் கட்டிக்கொண்டு, பருப்பை அவள்தான் கழுவ வேண்டுமாம். ஆபீஸ் கிளம்புவதற்கு முன் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். வீட்டில் இருப்பதை வைத்தே ஏதாவது செய்யலாமா?

வாண்டுகளின் அப்பா:
செட்டைப் பரணில் போடுங்கள். என் பையனுக்குத் துணி கிளிப், ஒரு கூடை, தாழ்வாகக் கட்டிய கொடி, அவ்வளவுதான். கைக்குட்டை, சாக்ஸ் எல்லாம் அவனே காயப்போட்டு ஜோடி சேர்க்கிறான். ஒரு சாக்ஸ் காணோம் என்றால் வீட்டை ரெண்டாக்கிவிடுவான், அது வேறு கதை.

ஓய்வு டீச்சர்:
22 வருடம் மாண்டிசோரி வகுப்பில் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளும். அவள் அடுப்படிக்கு வருவதே சரியான இடம்தான். 1907-ல் ரோமில் மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய முதல் பள்ளியிலேயே பிள்ளைகள் கை கழுவவும் பரிமாறவும் பழகினார்கள். 1939-ல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்.

நாளைக்கே செய்யுங்கள். ஒரு தட்டில் இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் பாதிக்குத் துவரம் பருப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகச் சரித்துக் காட்டுங்கள். அப்போது பேசாதீர்கள். நீங்கள் பேசினால் அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்க்க மாட்டாள். சிந்தினால் "பாரு, சிந்திட்டே" என்று சொல்லவும் வேண்டாம். தட்டில் கிடப்பது அவளுக்கே தெரியும். கை பழகியதும் தண்ணீர், கூடவே துடைக்க ஒரு சின்னத் துணி. என் வகுப்பில் ஒருவன் துடைக்கும் ஆசையிலேயே வேண்டுமென்று சிந்துவான். நான் கண்டுகொள்ளவில்லை.

உங்கள் செட்டில் இளஞ்சிவப்புக் கோபுரம் இருக்கிறதா? முறைப்படி அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் 10 கட்டைகள். சின்னது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, அளவு மட்டும் மாறும். அப்போதுதான் கண் அளவைக் கவனிக்கும். கட்டைக்கு ஒரு கலர் அடித்து விற்பதில் அந்தச் சூட்சுமமே போய்விடுகிறது. அதற்கு உங்கள் அடுக்கு டப்பாவே மேல். வரிசை தப்பினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது, நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

எழுத்துக்கு உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு சத்தத்தைச் சொல்ல வேண்டும். 'அ'வில் ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சுழி நமக்கே கோணும். ட, ப இரண்டும் வெறும் கோடுகள்.

கொரட்டூர் அம்மா:
நன்றிங்க டீச்சர். ஆனால் மாமியார் "சாப்பிடுற பொருளை வெச்சு என்ன விளையாட்டு" என்கிறார்.

ஓய்வு டீச்சர்:
அவர் சொல்வது நியாயம்தான், எனக்கும் அரிசியில் சாயம் கலந்து கொட்டுவது பிடிக்காது. விளையாடிய பருப்பைக் கழுவி அன்றைக்கே குக்கரில் போட்டுவிடுங்கள். முடிந்தால் மொச்சை உரிக்கும் வேலையை அவரிடமும் பேத்தியிடமும் விடுங்கள். ஒன்று மட்டும்: மொச்சை, புளியங்கொட்டை எதுவானாலும் பெரியவர் கண்முன்தான். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.

கொரட்டூர் அம்மா:
ஒரு வாரம் ஆயிற்று. இன்று பாட்டியும் பேத்தியும் அரை கிலோ மொச்சை உரித்தார்கள். இருபது நிமிடம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் தோல் எல்லாம் கிண்ணத்தில், மொச்சை குப்பைக் கூடையில். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.