ஸ்விஸ் மலை ஹட்டுக்கு ஸ்கீ டூர் கூப்பிடுறாங்க, போகலாமா?

பாபநாசம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மியூனிக்ல படிச்சப்போ ஸ்கீயிங் கத்துக்கிட்டேன், ரிசார்ட்ல சிவப்பு ரன் (நடுத்தரக் கஷ்டமான சரிவு) எல்லாம் நல்லாவே இறங்குவேன், இப்ப ஊர்ல அப்பாவோட வயல் பாத்துக்கிறேன். கூடப் படிச்ச பசங்க நாலு பேரு மார்ச்ல ஸ்விட்சர்லாந்துல ஸ்கீ டூர் போறாங்க, என்னையும் வாடாங்குறாங்க. லிஃப்ட் கிடையாது, ஸ்கீக்கு அடியில பின்னாடி வழுக்காம இருக்க ஸ்கின்னு ஒரு பட்டைய ஒட்டிக்கிட்டு 1000 மீட்டர் நாமளே ஏறி மேல ஒரு ஹட்ல, அதாவது மலையேறுறவங்க தங்குற விடுதில, ரெண்டு ராத்திரி தங்கணும். அதுக்குள்ள சம்பா அறுப்பு முடிஞ்சிரும், உளுந்தும் அறுப்புக்கு முன்னாடியே தெளிச்சிருவோம், அதனால அப்பா விட்டுருவாரு, அம்மாதான் பனிச்சரிவு வீடியோ பாத்துட்டு பயப்படுறாங்க. கண்ணுக்கெட்டுன வரைக்கும் வரப்பும் வாய்க்காலுமா இருக்குற ஊர்ல உடம்ப எப்படி தயார் பண்றது? எனக்கு தெரிஞ்ச ஸ்கீயிங் போதுமா? நான் சைவம் வேற.

திருச்சி டிரெக்கர்:
தம்பி, சுவாமிமலை 60 படி பத்தாது, திருச்சிக்கு வந்துருங்க. மலைக்கோட்டை உயரம் சுமார் 83 மீட்டர், 1000 மீட்டர்னா உச்சிப்பிள்ளையார 12 தடவ பாக்குற கணக்கு. ஒரே நாள்ல வேணாம், வாரத்துல ரெண்டு நாள் வெயில் ஏறறதுக்கு முன்னாடி வாங்க, முதல்ல மூணு தடவ, அப்புறம் அஞ்சுன்னு கூட்டுங்க, முதுகுல 8 கிலோ பையோட. ஸ்கின் போட்டு ஏறும்போது மணிக்கு 300, 400 மீட்டர்தான் வரும், அதனால வேகம் முக்கியமில்ல, பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பாருங்க. மத்த நாள் கொள்ளிடக் கரைல சைக்கிள் மிதிச்சா போதும்.

மாயவரத்து அக்கா, பெர்ன்:
உடம்புக்கு அவரு சொன்னது சரி. என் கவலை வேற. ரிசார்ட்ல மெஷின் வச்சு சமன் பண்ணி வச்ச பனி, ஹட் பக்கம் அப்படி கிடையாது, மார்ச்ல காலைல இறுகிக் கெடக்கும், வெயில் ஏறுனா நடவு வயல் சேறு மாதிரி ஸ்கீய புடிச்சு இழுக்கும். ஆனா அத விட பெருசு பனிச்சரிவுதான். மாட்டுறவங்கள்ல ரொம்பப் பேரு மேல அது தானா வந்து விழல, அவங்களோ அவங்க கூட்டமோ சரிவுல கால் வச்சுதான் பிச்சுக்கிட்டு வருது. பொதைஞ்சவர பத்து பதினஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டா பொழைக்க நல்ல வாய்ப்பு, அரை மணி தாண்டுனா ரொம்பக் கம்மி. அதுக்குள்ள ஹெலிகாப்டர் வராது தம்பி, கூட இருக்குறவங்கதான் தோண்டணும். அதனால பீப்பர் (பொதைஞ்சவர் எங்கன்னு சிக்னல் வச்சு காட்டுற கருவி), புரோப் கம்பி (பனிக்குள்ள குத்திப் பாக்குறது), ஷவல் மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும், அத வச்சு தேடிப் பழகியும் இருக்கணும், நீங்களும்தான். ஏன்னா நீங்க மேல நின்னு நண்பன் கீழ கெடந்தா அவன் உசுரு உங்க கையில. உங்க பசங்க பழகியிருக்காங்களா? கைடு யாரு?

பாபநாசம்காரன்:
கேட்டுட்டேன் அக்கா. பீப்பர் எல்லார்கிட்டயும் இருக்கு, ரெண்டு பேரு கோர்ஸ் முடிச்சிருக்காங்க, எல்லாரும் சேர்ந்து பழகுனதில்ல. கைடு வேணாம்ங்குறாங்க.

மாயவரத்து அக்கா, பெர்ன்:
அப்ப ரெண்டு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டா மட்டும் டிக்கெட் போடுங்க. ஒண்ணு, கைடு வேணும், காச அஞ்சா பிரிச்சுக்கலாம். இன்னொண்ணு, மலை ஏறறதுக்கு முந்தின நாள் முழுக்க அடிவாரத்துல பீப்பர பொதைச்சு வச்சு மாத்தி மாத்தி தேடணும். டாவோஸ்ல இருக்குற எஸ்.எல்.எஃப்.ங்குற பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் தினம் சாயங்காலம் 5 மணிக்கு பனிச்சரிவு புல்லட்டின் போடும், அபாயம் 1லேர்ந்து 5 வரைக்கும். 3 நடுவுலதானேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சாவுல கிட்டத்தட்ட பாதி அந்த 3லதான். அன்னைக்கு 30 டிகிரிக்கு மேல இருக்குற சரிவுப் பக்கமே போகக்கூடாது, அபாயம் 3க்கு மேல போனா ஹட் புக்கிங்க கேன்சல் பண்ண மனசு வரணும், அதான் நல்ல கூட்டம்.

கும்மோணம் டூ சூரிக்:
சாப்பாட்டுக்கு பயம் வேணாம் ப்ரோ, புக் பண்ணும்போதே சைவம்னு சொல்லிருங்க, சூப்பும் பாஸ்தாவும் கெடைக்கும், பருப்புப்பொடி ஒரு பாக்கெட் வச்சுக்கங்க. படுக்க கம்பளி தருவாங்க, உள்ள போட்டுக்க லைனர் (பை மாதிரி தச்ச மெல்லிசு துணி) நாமதான் கொண்டு போகணும். பூட்ஸ வாசல்ல கழட்டிட்டு அவங்க வச்சிருக்குற செருப்ப போட்டுக்கலாம். பல ஹட்ல குளிர்காலத்துல குழாய்த் தண்ணி வராது, பனிய உருக்கித்தான் தருவாங்க, குடிக்கிற தண்ணிக்கு காசு, ரொக்கமா கொஞ்சம் ஃபிராங்க் வச்சுக்கங்க. விசாவுக்கு 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் எப்படியும் எடுப்பீங்க, அதுல ஆஃப்-பிஸ்ட் (ரிசார்ட் பாதைக்கு வெளிய) ஸ்கீயிங்கும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு பணம் கட்டுங்க, இல்லன்னா வேற பாலிசி பாருங்க.