புதுப்பிப்பு: பத்து இலக்குகள் இரண்டாகிவிட்டன

ஜூலை 1 முதல் எங்கள் ரோட்டரி சங்கத்துக்குத் தலைவராகிறேன், ஆண்டு இலக்குகளாக எதை வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அப்போது என் பட்டியலில் பத்து இருந்தன. இப்போது இரண்டுதான். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் கூட்டத்தில் பட்டியலை வாசித்ததும், மூத்த உறுப்பினர் ஒருவர் பழைய கணக்கு நோட்டைப் பிரித்து, பாதியில் நின்ற திட்டங்கள் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினார். எல்லாமே ஒரே வருடத்தில் முடிக்க நினைத்தவை. போலியோ ஒழிப்பை நினைத்துக்கொண்டேன். ரோட்டரி அதை 1979-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, 1985-இல் உலகத் திட்டமாக்கியது. வருடா வருடம் தலைவர்கள் மாறியும் யாரும் கைவிடவில்லை.

அதனால் எனக்கு முன்பிருந்தவர் தொடங்கிய இரத்ததான முகாமையே தொடர்கிறோம். அப்புறம், புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதமே ஒரு பொறுப்பு. சும்மா உட்காரவைத்தால் விலகிப் போய்விடுகிறார்கள்.