புதுப்பிப்பு: பார் லைட்டுக்குள் ஈரம் – காரணம் பிடிபட்டது

கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் முல்லைத்தீவுப் பக்கக் கோயில் மேடையின் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) பார் லைட்டுகளில் (மேடைக்கு ஒளி வீசும் PAR விளக்குகள்), கண்ணாடியின் உட்பக்கம் நீர்த்துளி படிகிறது என்று கேட்டிருந்தேன். ரப்பர் வளையத்தை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், குறையவில்லை.

பிழை நான் திறந்த நேரத்தில்தான். மழை விட்ட கையோடு கொட்டிலில் வைத்துத் துடைத்து மூடியிருக்கிறேன். அந்த ஈரக்காற்றும் உள்ளேயே அடைபட்டு, இரவில் லைட் குளிர்ந்ததும் கண்ணாடியில் நீராகிவிட்டது.

இன்னொன்று, பின்பக்கம் பொத்தான் அளவில், லைட் மூச்சுவிட ஒரு காற்றுத்துளை உண்டு. அதன் சவ்வு நீராவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. முன்பு திருத்தியவர் அதைச் சிலிக்கோன் பசையால் அடைத்திருந்தார். இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சூடான லைட்டில் மழை விழுந்தால் உள்காற்று சுருங்கும். மூச்சுவிட வழியில்லாவிட்டால் தேய்ந்த வளையத்தின் ஊடாகத் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும்.

இப்போது நல்ல வெயில் நாளில் மட்டும் திறக்கிறேன். மூடமுதல் உள்ளே சூடுகாற்று அடித்து, ஈரம் உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் பை ஒன்று வைத்து, எதிரெதிரே உள்ள திருகாணிகளை மாறி மாறி இறுக்குகிறேன். வளையம் சுத்தமாக இருக்கவேண்டும்; ஒரு தலைமயிர் கிடந்தாலே போதும், கசியும்.

தை மாதப் பனியிலும் ஆறு லைட்டும் காய்ந்தே இருக்கின்றன. ஒன்றில் மட்டும் இணைப்பான் துருப்பிடித்துவிட்டது, அதை மாற்றவேண்டும்.