புதுப்பிப்பு: பழைய டிரெய்லரின் ஒரிஜினல் ஜன்னல்கள்

1960களின் பிற்பகுதியில் வந்த ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் அமெரிக்க வீட்டு வண்டி) மழைநீர் கசிகிறது, ஒரிஜினல் வளைவுக் கண்ணாடிகளைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தேன். கழற்றவே தேவைப்படவில்லை. குற்றவாளி ஜன்னலைச் சுற்றியிருந்த காய்ந்துபோன ரப்பர் பட்டைதான்.

ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் துளித்துளியாகப் பெயர்த்தேன். இரும்புக் கத்தி வேண்டவே வேண்டாம். இந்த ஜன்னல்களில் இருப்பது டெம்பர்டு (பலப்படுத்திய) கண்ணாடி; நடுவில் அடி தாங்கும்; ஓரத்தில் லேசாகச் சிதைந்தாலும் மொத்தமாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். (அதை வெட்டி அளவுக்குக் கொண்டுவரவும் முடியாது.)

கசிவை அடைக்க சிலிக்கோன் பசை வேண்டாம் என்று பதில் போட்டவர்கள் சொன்னது சரி. புது ரப்பர்மேல் டால்கம் பவுடர் தடவியிருக்கிறேன், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டியதை வெடுக்கென்று தள்ளித் திறக்கும்போதுதான் பல ஜன்னல்கள் உடைகின்றன. அப்புறம், ஜன்னலை மூடும்போது இரண்டு தாழ்ப்பாள்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாகத்தான் இறுக்குகிறேன். பின்பக்க ஜன்னல் இன்னும் பாக்கி.